பொதுக் கணிப்பொறியில் நிரல் ஏன் நின்றது?

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத செவ்வாப்பேட்டையில் இத்தகைய பெருமழையை எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை எதிர்பார்க்கலாம்? ஏரியின் கலங்கலை எவ்வளவு அகலமாகக் கட்டுவது, பாலத்தை எவ்வளவு உயர்த்துவது என்பவை இவ்விடையைப் பொறுத்தவை. ஆகவே கணக்கு தவறினால் அதன் விலையை வீடுகள்தாம் கொடுக்கும்.

கணக்குக்கு வேண்டிய எண்கள் இருக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாட்டின் படத்தின்மீது கால் பாகை இடைவெளியில் கட்டம் போட்டு, 1901 முதல் நாள்தோறும் பெய்த மழையைப் புள்ளிவாரியாகத் தந்துள்ளது. கிழக்கு மேற்காக 135, வடக்கு தெற்காக 129, ஆக 17,415 புள்ளிகள். 1901 முதல் 2020 வரை 43,830 நாட்கள். பெருக்கிப் பாருங்கள், 76 கோடிக்கு மேல் எண்கள்!

இவற்றை ஆராயப் பலரும் கையாளும் மொழி 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990களில் உருவாக்கியது. விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக் கணிப்பொறி இவ்வளவு எண்களைத் தாங்காமல் திணறலாம். அப்போதுதான் ஆராய்ச்சி மாணவர்கள் கணிப்பொறிக் கொத்தை நாடுகிறார்கள்.

கொத்து என்பது பல கணிப்பொறிகளை வலையால் இணைத்து ஒன்றாக இயக்குவது. ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு கணு. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 144 கணுக்கள் கொண்ட 'கப்ரு' என்ற கொத்தை அமைத்தது. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட 'பரம் பொருள்', நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறனுடையது. (பெயரைச் சேர்த்துப் படித்தால் வேறு பொருளும் வருகிறது. வைத்தவர் ரசிகர்தாம்.)

இத்தகைய கொத்து ஒருவருக்கே உரியதன்று. ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் எவர் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து மடை திறக்கும் நீர்க்கட்டியைப் போல, இங்கும் ஒரு வரிசை மேலாளர் நிரல் உண்டு. 'இத்தனை கோர், இத்தனை ஜிகாபைட் நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும்' என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். முறை வரும்போது அவ்வளவே கிடைக்கும். மீறினால் மேலாளர் நம் வேலையை நிறுத்திவிடும்.

இனி நம் மழைக்கணக்கை அனுப்புவோம். கோப்பில் ஒவ்வொரு எண்ணும் 4 பைட், மொத்தம் 3 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். பாதுகாப்பாக 8 ஜிகாபைட் கேட்டுவிட்டோம். ஆயினும் வேலை நின்றுவிடுகிறது! '2.8 ஜிகாபைட் ஒதுக்க இயலவில்லை' என்று 'ஆர்' சொல்கிறது. 8 கேட்டவருக்கு 2.8 இல்லையா? கொத்து கெட்டுவிட்டது என்று நிர்வாகிக்குப் புகார் எழுதத் தோன்றும். எழுதும் முன் கூட்டிப் பார்ப்போம்.

கோப்பில் 4 பைட்டாக இருந்த எண்ணை 'ஆர்' உள்ளே வாங்கும்போது 8 பைட்டாக விரித்துக்கொள்கிறது. ஆக, 6.1 ஜிகாபைட். அடுத்து, மழை விவரம் இல்லாத இடங்களைக் குறிக்கும் −999 என்ற எண்ணை நீக்குகிறோம். அதற்காக ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டு 'ஆம், இல்லை' என்று மற்றொரு பட்டியல் உருவாகிறது. 'ஆம்' என்ற ஒரு சொல்லுக்கும் 'ஆர்' 4 பைட் எடுக்கும்! அது 3.05 ஜிகாபைட். இரண்டும் சேர்ந்து 9 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டன. 1,024இன் மடங்குகளில் அளந்தால் அந்த 3.05 என்பதே 2.8 ஆகும். செய்தியில் இருந்த எண் மொத்தத் தேவை அன்று, கடைசியாகக் கேட்ட துண்டு மட்டுமே. சில கொத்துகளில் இந்தச் செய்திகூட வராது. 'கொல்லப்பட்டது' என்ற பொருள் தரும் ஒரே சொல்லுடன் வேலை முடிந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் 64 ஜிகாபைட் கேட்பது என்று பலர் எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரிசையில் காத்திருப்பு நீளும், பிறருக்கும் இடம் குறையும். நமக்கு வேண்டியது செவ்வாப்பேட்டையை அடுத்த ஒரு புள்ளி. அதற்கு 43,830 எண்கள், மூன்றரை லட்சம் பைட். பள்ளி ஆய்வகக் கணிப்பொறியே போதும்! ஒரு புள்ளியில் நிரல் சரியாக ஓடுவதை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு நாடு முழுவதற்கும் புள்ளி புள்ளியாக ஓட்டலாம்.

நாடு முழுவதற்கும் என்றால் பல கோர்கள் வேண்டும். 40 கோர் உள்ள கணுவில் நாம் 4 கேட்டிருப்பதாகக் கொள்வோம். 'எத்தனை கோர் உண்டு?' என்று அறிய 'ஆர்' மொழியில் 'டிடெக்ட்கோர்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. அது கணுவில் உள்ள 40ஐச் சொல்லுமே தவிர, நமக்குக் கிடைத்த 4ஐச் சொல்லாது. அதை நம்பி 40 வேலையாட்களை ஏவினால், அவர்கள் 4 கோர்களுக்கு முட்டிமோதி, நால்வர் செய்வதைவிட மெதுவாகவே முடிப்பார்கள். வேலி சரியாகப் போடப்படாத கொத்தில் இன்னும் மோசம்: அடுத்தவரின் கோர்களில் புகுந்து அவருடைய வேலையையும் கெடுப்பார்கள். அவரோ தம் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்! கேட்ட எண்ணிக்கையை நிரலில் நாமே எழுதிவிடுவது நல்லது.

எந்தச் செய்தியும் இல்லாமல் வரும் தொல்லைதான் மிகக் கடினமானது. பெருமழையின் மதிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்றறிய, 120 ஆண்டுகளைச் சீட்டுகளாக எழுதி, ஒன்றை எடுத்துப் பார்த்து மீண்டும் போட்டு, இப்படி 120 முறை எடுத்துக் கணக்கிடுவர். இதையே ஆயிரம் தடவை செய்வர். சீட்டு எடுப்பது சமவாய்ப்பு எண்கள். தொடக்க எண்ணை ஒன்றாக வைத்தால் எடுக்கும் வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு விடை, கொத்தில் மற்றொரு விடை!

காரணம் பதிப்பு. 2019இல் வெளிவந்த 'ஆர்' 3.6.0 பதிப்பில் சீட்டு எடுக்கும் முறையை மாற்றினார்கள். பழைய முறையில், சீட்டுகளின் எண்ணிக்கை மிகப் பெரிதானால் சிலவற்றுக்கு வாய்ப்பு சற்றே கூடுதலாகிவிட்டது. பொதுக் கொத்துகளில் பழைய பதிப்புகளையும் விட்டு வைப்பார்கள். பாதியில் நிற்கும் பிறரின் ஆராய்ச்சி குலையக்கூடாதல்லவா? பெயர் குறிப்பிடாமல் ஏற்றினால் எந்தப் பதிப்பு வரும் என்பது அந்தந்தக் கொத்தின் வழக்கம். 'செஷன்இன்ஃபோ' என்ற கட்டளையை நிரலின் இறுதியில் எழுதினால், பதிப்பும் துணைத் தொகுப்புகளும் விடையுடன் பதிவாகிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். இரு விடைகளும் சிறிதளவே வேறுபட்டால் அச்சமில்லை. பெரிதும் வேறுபட்டால், ஆயிரம் தடவை போதவில்லை என்று பொருள். அப்படியிருந்தால் கலங்கலின் அகலத்தை இரண்டில் எந்த விடையையும் நம்பி முடிவு செய்ய இயலாது.

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் 'ஆர்' இருந்தால் இதை நீங்களே சோதிக்கலாம். தொடக்க எண்ணை 1 என்று வைத்து, 1 முதல் 10 வரையுள்ள சீட்டுகளைக் கலைக்கச் சொல்லுங்கள். 9, 4, 7, 1, 2, 5, 3, 10, 6, 8 என்று வந்தால் புதிய முறை. 3, 4, 5, 7, 2, 8, 9, 6, 10, 1 என்று வந்தால் பழைய முறை.