வடிதாளில் ஒட்டியிருந்த கால்சியம்

பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள். தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜனை உடைத்துச் சக்தியாக்க, பாஸ்போரிலேஸ் என்ற நொதி உடனே வேலையில் இறங்குகிறது. அதுவரை சும்மா கிடந்த நொதியை எழுப்பியது யார்? 1950-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் இதைத்தான் துருவினார்கள்.

முயல் தசையை அரைத்து, சாற்றை வடிதாளில் வடிகட்டினால் விழித்த நொதி கிடைத்தது. வடிதாளை ஒதுக்கிவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் தெளியவைத்தால் தூங்குகிற நொதிதான் கிடைத்தது. காகிதத்தில் அப்படி என்ன மாயம்? அதில் ஒட்டியிருந்த சிறிதளவு கால்சியம்! அது இன்னொரு நொதியைத் தூண்டிவிட, அந்த நொதி, செல்லின் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து பாஸ்போரிலேஸின்மேல் ஒட்டிவிட்டது. பாஸ்பேட் ஏறினால் வேலை, கழன்றால் ஓய்வு. ஸ்விட்ச் மாதிரிதான்.

இதற்கு நோபல் பரிசு வந்தது 1992-இல். 35 ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு. ஸ்டாக்ஹோமுக்கு அவசரமே கிடையாது!

பாஸ்பேட் ஒட்டும் இந்த நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். நம் உடலில் 500-க்கும் மேற்பட்டவை உண்டு. செல் எப்போது பிரிய வேண்டும் என்பதிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது. மரபணுக் கோளாறால் ஒரு கைனேஸ் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருந்தால், நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோய் வருகிறது. அந்தக் கைனேஸை அடக்கும் இமாட்டினிப் என்ற மருந்து 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் வாயில் போட்டு விழுங்கும் மாத்திரைதான் அது.