ஏழு பேர் உழைப்பு. ஒருவருக்கு மஞ்சள் சட்டை!

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி. ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் ஒரு சைக்கிள் பந்தயம். மலைச்சாலை இறக்கத்தில் பறந்து வந்த வீரர்கள் ஒரு வளைவில் நிலை தடுமாறினார்கள். ஒருவர் மேல் ஒருவராகப் பலர் சாலையை விட்டுத் தூக்கி எறியப்பட்டனர். சிலர் எழுந்தார்கள். ஒருவர் எழவில்லை. ஆம்புலன்சில் ஏற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள்.

காறை எலும்பு முறிந்திருந்தது. விலா எலும்புகள் பல முறிந்திருந்தன. நுரையீரலிலும் காயம். உயிர் பிழைப்போமா என்றே அப்போது அஞ்சியதாக அவர் பின்னர் சொன்னார். 12 நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அவர் பெயர் யோனாஸ் விங்கெகார்ட். டென்மார்க் நாட்டவர். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் வெற்றி பெற்றவர். அந்த ஆண்டுப் பந்தயம் ஜூன் 29-ந் தேதி தொடங்க இருந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணினால் 86 நாட்கள்தான்!

அந்த 86 நாட்களில் என்ன நடந்தது? அதைச் சொல்வதற்கு முன், இது எப்படிப்பட்ட பந்தயம் என்று பார்த்து விடுவோம்.

பத்திரிகை விற்கப் பிறந்த பந்தயம்

உலகத்து சைக்கிள் பந்தயங்களில் தலையாயது டூர் டி பிரான்ஸ். 1903-ல் 'லோட்டோ' என்ற பாரிஸ் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக் கொள்வதற்காகத் தொடங்கியது. முதல் பந்தயத்தில் 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் மோரிஸ் கரேன். சிறு வயதில் வீடுகளின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர்.

அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகி வந்தது. அதனால் 1919 முதல், மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கிறார்கள்.

இப்போதைய பந்தயத்தில் 21 கட்டங்கள். இடையில் 2 நாள் ஓய்வு. ஆக மொத்தம் 23 நாட்கள். 2024-ல் மொத்த தூரம் 3,498 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்குச் செல்லும் தூரத்தையும் இது தாண்டும். நடுவே ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். அந்த ஆண்டு வீரர்கள் ஏறிய பொனெட் மலைச்சாலையின் உயரம் 2,802 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்!

ஒவ்வொரு அணியிலும் 8 வீரர்கள். 2018-க்கு முன்பு 9 பேர். பெரிய அணிகளில் ஏறத்தாழ 30 வீரர்கள் சம்பளத்துக்கு இருப்பார்கள். அவர்களில் 8 பேரைத்தான் ஜூலைப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். பலருக்கும் ஓரிரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான். எட்டில் ஒருவராக இடம் பிடிப்பது அடுத்த ஒப்பந்தத்துக்கும் வழி செய்யும். ஆகவே, பந்தயம் தொடங்கும் முன்பே அணிக்குள் ஒரு பந்தயம் நடந்து முடிந்து விடுகிறது.

மீன் சந்தையிலிருந்து மலை உச்சிக்கு

டென்மார்க் சமதள நாடு. அந்நாட்டின் மிக உயரமான மேடே 171 மீட்டருக்குள்தான். அங்கே பிறந்தவர் உலகத்தின் சிறந்த மலையேற்ற சைக்கிள் வீரரானது வியப்புத்தான்.

பெரிய அணியில் சேரும் முன்பு, விங்கெகார்ட் கடலோர ஊரான ஹான்ஸ்ட்ஹோமில் மீன் ஏலச் சந்தையில் வேலை பார்த்தார். விடிந்ததும் ஐஸ் கட்டிகளுக்கு இடையே மீன்களை எடுத்துப் பெட்டிகளில் அடுக்குவார். நண்பகலில் வேலை முடியும். அதன் பிறகு சைக்கிளை எடுத்துக் கொண்டு பயிற்சிக்குப் புறப்படுவார். கை விறைத்த பின்னும் கால் ஓயவில்லை.

அப்படிப்பட்டவர்தான் முறிந்த எலும்புகளோடு படுத்திருந்தார். மே மாதத் தொடக்கத்தில் மீண்டும் சாலையில் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார். ஜூனில், ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள டீன்யே என்ற ஊருக்குப் போய்த் தங்கினார்.

மலை மேல் தங்குவது ஏன்?

உயரம் கூடக் கூட காற்றில் கிடைக்கும் பிராணவாயு குறையும். உடம்பு அதைச் சமாளிக்க இரத்தத்தில் சிவப்பு அணுக்களை அதிகமாக உண்டாக்கும். இரண்டு மூன்று வாரம் மலையில் தங்கிப் பயிற்சி செய்து விட்டு இறங்கினால், அந்த இரத்தம் தசைகளுக்கு அதிகப் பிராணவாயுவைக் கொண்டு சேர்க்கும். இதற்காகவே கானரித் தீவுகளின் தெய்தே எரிமலை, ஸ்பெயினின் சியரா நெவாடா ஆகிய இடங்களில் அணிகள் முகாம் போடுகின்றன. பொழுதுபோக்கு ஒன்றும் கிடையாது. மிதிப்பது, சாப்பிடுவது, தூங்குவது, இவ்வளவுதான். மனைவி மக்களை விட்டு ஆண்டில் பல மாதம் இப்படியே கழியும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தத் தனிமையைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

சாப்பாடும் கணக்குத்தான். மலைக் கட்டம் வரும் நாளில் ஒரு வீரர் 6,000 முதல் 8,000 கலோரி வரை செலவழிப்பார். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு மூன்று நாளைக்குப் போதுமான உணவு அது! அதில் முக்கிய இடம் அரிசிக்கு உண்டு. காலையில் சோறு. சைக்கிளில் போகும்போது தின்பதற்குச் சோற்றை அழுத்தித் துண்டு போட்டுத் தாளில் சுற்றித் தருவார்கள். பயிற்சிக் காலத்திலோ, தட்டில் விழும் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். உடம்பில் ஒரு கிலோ கூடினாலும் மலையில் அதைச் சுமந்து ஏற வேண்டியவர் அவர்தானே!

சைக்கிளுக்கும் கணக்கு உண்டு. 6.8 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சைக்கிளைப் பந்தயத்தில் அனுமதிப்பதில்லை. காற்றின் தடையைக் குறைக்க, காற்றுச் சுரங்கத்தில் மணிக்கணக்காக உட்கார வைத்து முதுகு வளைவையும் கை வைக்கும் இடத்தையும் திருத்துகிறார்கள். பந்தயப் பாதையின் முக்கியமான மலைகளை முன்கூட்டியே ஏறி இறங்கி, எந்த வளைவில் சாலை குறுகுகிறது என்று மனப்பாடம் செய்து கொள்கிறார்கள்.

எடுபிடி என்றொரு பதவி

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒன்று தெரியும். முன்னால் ஒரு லாரியோ வேறு சைக்கிளோ போனால் நம் பாடு குறையும். பந்தயத்திலும் அதே கதைதான். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகும் வீரருக்குப் பெருமளவு சக்தி மிச்சமாகும்.

எனவே, 8 பேரில் ஒருவரே தலைவர். மற்ற 7 பேரும் அவருக்காகக் காற்றை உடைப்பவர்கள். பின்னால் வரும் அணியின் காரிடம் போய்த் தண்ணீர் பாட்டில்களை வாங்கி, சட்டைக்குள் திணித்துக் கொண்டு மறுபடி முன்னேறி வந்து கொடுப்பார்கள். தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருவார்கள். இவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்று பெயர். 'வீட்டு வேலைக்காரன்' என்று பொருள். பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ச், 1911-ல் மற்றொரு வீரருக்கு உதவிய ஒருவரை இகழ்ந்து சொன்ன சொல் அது. இகழ்ச்சிச் சொல்லே பதவியின் பெயராகி விட்டது!

1934-ல் நடந்த சம்பவம் இன்றும் பேசப்படுகிறது. ரெனே வியெத்தோவுக்கு அப்போது 20 வயது. ஓட்டலில் எடுபிடிப் பையனாக இருந்து பந்தயத்துக்கு வந்தவர். மலைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிரனீஸ் மலையில் அணித் தலைவர் அந்தோனின் மாஞ்சின் சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். வேறு சக்கரம் வரும் வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் புகைப்படம் புகழ் பெற்றது. மறுநாளும் மாஞ்சுக்குப் பழுது. முன்னால் போய் விட்டிருந்த வியெத்தோ, வந்த வழியே திரும்பிப் போய் உதவினார். மாஞ் வென்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். கடைசி வரை அவர் ஒரு முறைகூட டூர் டி பிரான்ஸை வெல்லவில்லை.

விங்கெகார்ட் 2022-ல் வென்றதற்கும் இப்படியோர் உழைப்பு இருந்தது. ஓத்தக்காம் மலைக் கட்டத்தில் பெல்ஜியம் வீரர் வௌட் வான் ஆர்ட், நாள் முழுவதும் முன்னால் ஓடிக் களைத்த பிறகும், மலையில் தலைவருக்கு முன்னால் நின்று மிதித்தார். அந்த வேகம் தாங்காமல் எதிரணித் தலைவர் ததேய் பொகாச்சர் பின்தங்கினார்.

வங்கியில் வேலை பார்த்தவர்

அதே 2024 பந்தயத்தில் இன்னொருவர் கதையும் சொல்லத் தக்கது. மார்க் கேவண்டிஷ், மான் தீவைச் சேர்ந்தவர். படிப்பை முடித்ததும் இரண்டு ஆண்டு ஒரு வங்கியில் வேலை பார்த்து, அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துக் கொண்டு சைக்கிள் பந்தயத்துக்கு வந்தவர். சமதளத்தில் கடைசி நிமிடப் பாய்ச்சலில் வல்லவர்.

டூர் டி பிரான்ஸில் 34 கட்டங்கள் வென்று எடி மெர்க்ஸின் சாதனையைச் சமன் செய்திருந்தார். 35-வதை எட்டுவதற்காக 2023-ல் வந்தார். விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஓய்வு பெறுவதாகச் சொன்னவர் அந்த முடிவை மாற்றிக் கொண்டு மேலும் ஓராண்டு பயிற்சி செய்தார்.

2024-ல் முதல் நாளே இத்தாலிய வெயிலில் வாந்தி எடுத்தார். வென்றவர் வந்து சேர்ந்த பின் குறிப்பிட்ட நேரத்துக்குள் எல்லையை எட்டாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருடைய அணித் தோழர்கள் தம் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கூடவே நின்று, அவரை மலைகளில் இழுத்து வந்து நேரத்துக்குள் சேர்த்தார்கள். நாலு நாள் கழித்து, ஜூலை 3-ந் தேதி, 39 வயதில் கேவண்டிஷ் 35-வது கட்டத்தை வென்றார். சாதனைப் பட்டியலில் ஒரே ஒரு பெயர். ஆனால் முதல் நாள் உடன் நின்றவர்கள் இல்லாவிட்டால் அந்த ஐந்தாம் நாளே அவருக்கு இல்லை.

விலை கொடுத்தவர்கள்

இந்த உழைப்புக்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1967 ஜூலை 13-ல், வான்தூ மலையில் கொளுத்தும் வெயிலில் இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் சரிந்து விழுந்து இறந்தார். அவர் உடலில் ஊக்க மருந்து இருந்தது தெரிய வந்தது. 1995-ல் இத்தாலி வீரர் ஃபாபியோ கசார்டெல்லி மலை இறக்கத்தில் விழுந்து மாண்டார். அவர் தலைக்கவசம் அணியவில்லை. 2003-ல் மற்றொரு வீரர் இறந்த பிறகே தலைக்கவசம் கட்டாயமானது. 2023 ஜூனில், டூர் டி பிரான்ஸுக்குச் சில வாரங்கள் இருக்கையில், சுவிட்சர்லாந்து சுற்றுப் பந்தயத்தில் 26 வயது ஜீனோ மேடர் பள்ளத்தில் விழுந்து உயிரிழந்தார்.

பொய் வழியில் போனவர்களும் உண்டு. மலை மேல் தங்கி உடம்பு தானாகச் செய்வதை ஊசி மருந்தால் செய்தார்கள். தொடர்ந்து 7 முறை வென்றதாகக் கொண்டாடப்பட்ட அமெரிக்கர் லான்ஸ் ஆர்ம்ஸ்டிராங்கின் பட்டங்கள் அனைத்தும் 2012-ல் பறிக்கப்பட்டன. அன்று முதல் எவர் வென்றாலும் ரசிகன் மனத்தில் ஒரு சந்தேகக் கேள்வி எழுகிறது. நேர்மையாக உழைப்பவன் சுமக்க வேண்டிய கூடுதல் பாரம் அது.

86 நாள் முடிந்தது

ஜூன் 29-ந் தேதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பந்தயம் தொடங்கியது. இடையில் ஒரு பந்தயத்தில்கூடக் கலந்து கொள்ளாமல் நேரே வந்து நின்றார் விங்கெகார்ட். அணியின் முக்கியமான மலை உதவியாளர் செப் குஸ், கொரோனா தொற்றால் கடைசி நேரத்தில் வர முடியவில்லை. வசந்த காலத்தில் தாமும் விழுந்து எலும்பு முறிந்திருந்த வான் ஆர்ட் கூட வந்தார்.

ஜூலை 10, பதினோராம் கட்டம். பொகாச்சர் மலையில் தனியே பாய்ந்து சென்றார். எல்லாம் முடிந்தது என்றார்கள் பார்த்தவர்கள். விங்கெகார்ட் விடவில்லை. விநாடி விநாடியாக எட்டிப் பிடித்தார். லெ லியோராங் ஊரில் எல்லைக் கோட்டருகே பாய்ச்சலில் அவரையே முந்தினார்! பேட்டி கொடுக்க வந்தவருக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆனால் மஞ்சள் சட்டை கிடைக்கவில்லை. பொகாச்சர் 6 கட்டங்களை வென்று பந்தயத்தையும் வென்றார். விங்கெகார்ட் 6 நிமிடம் 17 விநாடி பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். புறப்பட்ட 176 பேரில் 141 பேர் நீஸ் நகர் வந்து சேர்ந்தார்கள்.

வென்றவருக்குரிய பரிசு 5 லட்சம் யூரோ. அதை வென்றவர் தாமே வைத்துக் கொள்வது வழக்கமில்லை. அணியின் 8 பேரும், சைக்கிள் கழுவிய மெக்கானிக்கும், கால் பிடித்து விட்டவரும், பரிசுகளைத் திரட்டிப் பங்கு போட்டுக் கொள்வது நெடுநாள் மரபு.

மேடையில் ஏறுவது ஒருவர்தான். ஆனால் அவர் மிதித்த சாலையில் காற்றை உடைத்தவர்கள் யார் என்பது மேடையில் நிற்பவருக்குத் தெரியும். பங்கு பிரிக்கும்போது அவர் அதை மறப்பதில்லை.