கூட்டேரிப்பட்டு பெட்டிக்கடையும் பால் பற்களும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டினால் கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் கூட்டுரோடு என்பதால் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மிட்டாய், கிரீம் பிஸ்கட், மாம்பழ ஜூஸ், சரம் சரமாகத் தொங்கும் மசாலா பாக்கெட் என்று சில்லறைக் காசுக்கு எல்லாம் கிடைக்கும்.

ஆயா வீட்டுப் பிள்ளைகள்

கரும்பு வெட்டுக்கோ, நூறு நாள் வேலைக்கோ, கம்பெனி வேனைப் பிடிக்கவோ அம்மா விடியலில் கிளம்பிவிட்டால் பிள்ளை ஆயாவின், அதாவது பாட்டியின், பொறுப்பு. அழுதால் கையில் ஐந்து ரூபாய். வேலைக்குப் போகும் தாயை இதற்காகத் திட்டுவது எளிது. அவளுக்கு வேறு வழி என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

எத்தனை தடவை?

பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் ஏறி பிஎச் அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமாவது பிடிக்கும். சோற்றோடு சேர்த்து ஒரு தடவை இனிப்பு தின்றால் பாதிப்பு ஒரு அரைமணிதான். அதே இனிப்பைப் பொழுதெல்லாம் கொறித்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. 1940-களில் ஸ்வீடனின் விபெகோல்ம் மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் நோயாளிகளுக்கு டாஃபி கொடுத்தே இதைச் சோதித்தார்கள். வெட்கக்கேடான ஆய்வு; முடிவு என்னவோ இன்றும் நிற்கிறது.

மசாலா பாக்கெட்டில் இனிப்பில்லையே என்று நினைக்க வேண்டாம். அந்த மாவு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும்.

இரவுப் பால்புட்டி

சர்க்கரை போட்ட பாலை உறிஞ்சிக்கொண்டே தூங்குவது இன்னும் மோசம். தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் சுரக்கும். குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். பிறகு பழுப்பாகும், கடைசியில் வேர்க்கட்டை மிஞ்சும். நாக்கு மூடியிருப்பதால் கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். வெள்ளைக் கோட்டிலேயே கவனித்தால் பல்லைக் காப்பாற்றலாம்.

"விழுகிற பல்லுதானே?"

மொத்தம் இருபது பால் பற்கள். அவற்றில் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. சொத்தையில் சீழ் வைத்தால் பிள்ளை மெல்லாது, தூங்காது, இளைத்துப்போகும். அடியில் வளரும் நிலைத்த பல்லும் கெடலாம். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்.

கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் 'பல் பூச்சி' எடுப்பவர்களிடம் போக வேண்டாம். உதிர்வது விதைக்குள்ளிருக்கும் முளைக்கரு. சொத்தை அப்படியேதான் இருக்கும்.

செய்யக்கூடியது

முதல் பல் முளைத்ததுமே ஃபுளோரைடு பேஸ்ட்டை அரிசி அளவு தடவித் துலக்கிவிடலாம். மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவு. ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும், அதுவும் முக்கியமாக இரவில். தின்பண்டத்துக்கு நம்மூர் வேர்க்கடலை இருக்கிறது. அவித்துக் கொடுக்கலாம், சின்னக் குழந்தைக்கு மட்டும் புரையேறாமல் மசித்து. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் வயிறு நிறையும் பிள்ளை கடைப்பக்கம் குறைவாகத்தான் போகும் என்பது என் எண்ணம்.

2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளை டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று ஆயாவையும் கூடவே அனுப்புங்கள். சொத்தை முற்றியிருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம்.