எலும்பு கூடும் நாட்கள்

"ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பங்கள் நம் நாட்டில் அநேகம். உண்மையில், ரண வைத்தியரின் வேலை முடிந்த இடத்திலேதான் வீட்டாரின் வேலை தொடங்குகிறது.

என் தாயார் ஸ்நான அறையில் வழுக்கி விழுந்து, இடுப்பை ஒட்டிய தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியர்கள் உள்ளே உலோகக் கம்பி செலுத்தி முறிவைப் பொருத்தினார்கள். மறுநாட் காலையிலேயே நர்ஸ் ஒருத்தி வந்து, "எழுந்து நில்லுங்கள், பாட்டி" என்றாள். நான் பதறிப்போய் அவளைக் கடிந்துகொண்டேன். அவளோ சிறிதும் கோபியாமல், "எலும்பைக் கம்பி தாங்குகிறது, ஐயா. மார்பில் சளி கட்டினால் அதை யார் தாங்குவது?" என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன்.

அவள் சொன்னதில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் இவ்விதம் இடுப்பு முறிந்த முதியோர் மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். அவர்களில் பலர் முறிவினால் அல்ல, படுக்கையினாலேயே மாண்டார்கள். நுரையீரலில் சளிக் காய்ச்சல், முதுகில் படுக்கைப் புண், கால் நாளங்களில் இரத்தக் கட்டி ஆகிய மூன்றுமே யமனாக வந்தன. 1925-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸ்மித்-பீட்டர்ஸன் மூன்று இறகுள்ள உலோக ஆணியால் இம்முறிவைப் பொருத்தத் தொடங்கினார். நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்புவதற்கென்று வளர்ந்த சிகிச்சையைச் செய்துகொண்டு, பிறகு அன்பின் பெயரால் அவரைப் படுக்கவைப்பது என்ன நியாயம்?

கம்பி எலும்பை ஒட்டுவதில்லை. பிடித்து மட்டுமே வைக்கிறது. கூட்டுவது உடம்பு. தொடை எலும்பு கூடுவதற்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை வீட்டார் செய்யவேண்டியவை சில உண்டு. படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தலாகாது. மூச்சை ஆழ்ந்து இழுத்து விடவும், பாதங்களை அடிக்கடி மடக்கி நீட்டவும் சொல்ல வேண்டும். வைத்தியர் அனுமதித்த அளவுக்கே காலில் பாரம் வைக்கலாம். வலி மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். வலியோடு இருப்பவர் நடக்க மாட்டார்.

பத்தியம் என்று வெறுங் கஞ்சி வார்ப்பது பெருந் தவறு. பருப்பு, பால், முட்டை எல்லாம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பாலில் இருப்பது சுமார் 120 தான். புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். எண்ணெய் தடவி உருவுவது கூடவே கூடாது.

கெண்டைக்கால் வீங்கினாலும், விரல்கள் நீலம் பாரித்து மரத்தாலும், காயத்தில் சீழ் கண்டாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இவையெல்லாம் பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்குவது வழக்கம். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது, ஒரு சிறிய தர்ம வைத்தியசாலையில் தினந்தோறும் நேரம் ஒதுக்கி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அதை நினைத்து நானும் இரவு முறையை ஏற்றுக்கொண்டேன்.

நான்காம் மாதம் என் தாயார் கைத்தடியூன்றித் தாமே துளசி மாடம் வரையில் நடந்து சென்றார். அன்று அந்த நர்ஸை மனத்தினால் வணங்கினேன்.