ஆறாம் மாதச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்



கர்ப்பகால ஆரோக்கியம் என்றதும் சத்துள்ள உணவு, ஓய்வு, இரும்புச்சத்து மாத்திரை எனப் பல விஷயங்கள் நினைவுக்கு வரும். இந்த வாரம் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம். அதுதான் கர்ப்பகால நீரிழிவு. நம் பேச்சு வழக்கில் சொல்வதானால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வரும் இனிப்பு நீர்.

இதற்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. களைப்பு, அடிக்கடி சிறுநீர் போன்றவை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இருப்பவைதானே? ஆகவே, "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நினைத்துச் சோதனைக்குப் போகாமல் இருப்பது ஆபத்து. அதிலும் இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

ஏன் வருகிறது?

கருவில் வளரும் குழந்தைக்குச் சத்து தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். அதற்காக நஞ்சுக்கொடி சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. தாயின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதை ஈடுகட்டும். அது முடியாதபோது இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நீரிழிவு இருப்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், முன்பு 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தையைப் பெற்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

குழந்தைக்கு என்ன பாதிப்பு?

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. விளைவு, குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துவிடும். 'கொழுகொழு குழந்தை' என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுவதால், குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்து போகவும் கூடும்.

சிங்கப்பூர் உட்பட 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2008-இல் வெளியானது. தாயின் சர்க்கரை அளவு ஏற ஏற, இத்தகைய பாதிப்புகளும் படிப்படியாகக் கூடுவதை அது காட்டியது.

சோதனை எப்படி?

சீனித் தண்ணீர் குடிக்கும் சோதனை என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பார்கள். மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி, வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல், 2 மணி நேரத்துக்குப் பின் 7.8 மில்லிமோல் ஆகிய இரண்டில் ஒன்றை எட்டினாலும் கர்ப்பகால நீரிழிவுதான். 25 வயதைத் தாண்டியவர்களுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் இதைச் செய்வார்கள். மேலே சொன்ன காரணங்களில் ஒன்று உள்ளவர்களுக்கு, முதல் முறை கிளினிக்கில் பதியும்போதே செய்யப்படும்.

என்ன சாப்பிடலாம்?

"இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பாகச் சொல்வார்கள். தேவை இரட்டிப்புச் சோறு அல்ல, நல்ல சத்து. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், மைலோ, சிரப் தண்ணீர் ஆகியவற்றை ஒதுக்குங்கள். சர்க்கரைக்குப் பயந்து பட்டினியும் கிடக்காதீர்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால், சாப்பிட்ட பின் சிறிது நேரம் நடப்பது நல்லது. பலருக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பும் வருகிறது. இனிப்புகளை அன்போடு வாங்கிக்கொண்டு, ஒரு வாய் மட்டும் சாப்பிடலாம்.

உணவாலும் நடையாலும் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார். "ஊசி போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டும்" என்ற பயம் தேவையில்லை. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசியும் நின்றுவிடும்.

பிரசவத்துக்குப் பிறகு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடுகிறது, தாயும் அதை மறந்துவிடுகிறார். ஆனால் இந்நோய் வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 மடங்குக்கும் அதிகம் என்று 2009-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. பிரசவமான 6 வாரத்தில் அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தச் சோதனை அவசியம்.

நாற்பது நாள் பத்தியம் முடிந்ததும் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, கோயிலுக்குத் தூக்கிச் செல்கிறோம். அதே வாரத்தில் தாயைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதையும் குடும்பத்தார் ஒரு கடமையாக வைத்துக்கொள்ளட்டும்.