தாழ்வாரத்துக் குளவி

நாம் கட்டிய வீடு நமக்கே உரியது என்று எண்ணுகிறோம். ஆயினும், அவ்வீட்டில் நம்மோடு உடன் வாழும் உயிர்கள் பல. சுவரில் பல்லியும், உத்தரத்தில் சிட்டுக்குருவியும், மூலையில் சிலந்தியும், அடுக்களையில் எறும்பும் நம் இசைவைக் கேளாமலே குடிபுகுந்தவை. இவற்றை நாம் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. குளவி ஒன்றைக் கண்டால் மட்டும் கூக்குரல் எழுப்புகிறோம், துடைப்பத்தைத் தேடுகிறோம். சிலர் தீப்பந்தத்தையே தேடுகின்றனர்.

தீப்பந்தம் தேடியதால் விளைந்த கேட்டினை யான் இளமையில் நேரிற் கண்டேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் உழவர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய கூரைவீட்டின் தாழ்வாரத்தில் குளவிக்கூடு ஒன்று தொங்கிற்று. அதன் அகலம் உள்ளங்கை அளவுதான். ஒருநாள் அவருடைய சிறு மகனைக் குளவி கொட்டிவிட்டது. சினங்கொண்ட தந்தை, மூங்கிற்கழியின் நுனியில் கந்தலைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் கூட்டருகே நீட்டினார். அது கோடைக்காலம், கூரையின் கீற்று சருகாய்க் காய்ந்திருந்தது. குளவிகள் பறந்தோடின, கூரையோ பற்றிக்கொண்டது. ஊரார் குடங்குடமாக நீர் சுமந்து வந்தும் பயனில்லை. அரை நாழிகைக்குள் நெற்குதிரும் துணிமணிகளும் சாம்பலாயின. வீட்டினுள் இருந்தோர் உயிர் தப்பியது ஒன்றே ஆறுதல். மகனுக்கு உண்டான வீக்கம் மறுநாளே வற்றிவிட்டது. வீட்டை மீண்டும் எழுப்பத் தந்தைக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அக்குளவி எத்தகையது, அதனை எவ்வாறு நீக்குவது என்பவற்றை அவர் அறிந்திருப்பின் இவ்விழப்பு நேர்ந்திராது. ஆதலின், நம் வீட்டை நாடிவரும் குளவியைப் பற்றி நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

குளவி என்னுஞ் சொல் பழந்தமிழில் காட்டுமல்லிகைக்கும் பெயராக வழங்கியது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் குளவியும் ஒன்று. நாம் இங்குப் பேசப்புகுவது மணக்கும் குளவியை அன்று. கொட்டும் குளவியையே ஆகும்.

கொடுக்குடன் பறந்து திரிவன பலவற்றையும் குளவி என்றே மக்கள் அழைக்கின்றனர். கூட்டை உற்று நோக்கின், அதனைக் கட்டியது எது என்பது விளங்கிவிடும். சுவரிலோ, கதவு மூலையிலோ, புத்தக அடுக்கின் பின்னோ மண்ணால் ஆகிய கூடு காணப்படின், அது மண்குளவியின் வேலை. வேட்டையாடும் இயல்பு பற்றி இதனை வேட்டுவாளி என்றும் வழங்குவர். இது தனித்து வாழ்வது. இதன் ஓர் இனம் சிலந்தியையும், மற்றோர் இனம் பச்சைப் புழுவையும் கொட்டிச் செயலறச் செய்து கூட்டில் அடைக்கும். அங்கேயே முட்டையிட்டு வாயிலை மண்ணால் மூடிச் செல்லும். முட்டையினின்றும் வெளிப்படும் சிறுபுழு அவ்விரையை உண்டு வளர்ந்து, குளவியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவரும். அடைக்கப்பட்டது புழு, வெளிவந்தது குளவி என்பதை மட்டுமே கண்ட முன்னோர், புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவி தன் இனமாக்கிக் கொள்கிறது என்று கருதினர். ஆசிரியர் மாணாக்கரைத் திருத்துவதற்கு உவமையாக அது நன்று. ஆயின் நிகழ்வது அதுவன்று. மண்குளவி, தன்னைக் கையாற் பற்றினாலன்றிக் கொட்டுவது அரிது. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

சாம்பல் நிறமான சிறு கூடு, ஒரு மெல்லிய காம்பினால் தாழ்வாரத்திலோ சன்னற் சட்டத்திலோ தொங்குமாயின், அது காகிதக் குளவியின் கூடு. அதற்கு மேலுறை இல்லை. ஆறு பக்கங்களையுடைய அறைகள் கீழ்நோக்கித் திறந்திருத்தலைக் காணலாம். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் காகிதக் குளவி ஒன்றனை அறிவியலார் ரோப்பலீடியா மார்ஜினேட்டா என்பர். அது செம்பழுப்பு நிறமுடையது. வயிற்றுப் பகுதியில் மஞ்சள் வளையம் ஒன்று உண்டு. இடை நூல்போல் நுண்ணியது. உடலில் தேனீக்கு உள்ளது போன்ற அடர்ந்த மயிர் இல்லை. தேனீ ஒருமுறை கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலில் தங்கிவிடும், தேனீயும் மடியும். குளவியோ தன் கொடுக்கை இழப்பதில்லை. மீண்டும் மீண்டும் கொட்டவல்லது. முட்டையிடும் உறுப்பே திரிந்து கொடுக்காயிற்று ஆதலின், கொட்டுவன யாவும் பெண் குளவிகளே.

பனை, தென்னை முதலிய மரங்களிலும், கட்டடங்களின் மறைவிடங்களிலும், பந்துபோல் திரண்டு, புறத்தே உறையும் ஒரு நுழைவாயிலும் கொண்ட பெருங்கூடு காணப்படின், அது கதண்டின் கூடாகும். கதண்டு குளவியினத்துள் பெரியது. கருமையான உடலில் அகன்ற மஞ்சட்பட்டை உடையது. பல கதண்டுகள் ஒருங்கே கொட்டின் உயிருக்கே இறுதி நேரலாம். இதன் கூட்டருகே எவரும் செல்லுதல் ஆகாது.

இனி, காகிதக் குளவியின் வாழ்வைச் சிறிது நோக்குவோம். பழைய வேலிக்கம்பத்திலும், வெயிலில் உலர்ந்த மரப்பலகையிலும் குளவி அமர்ந்து எதையோ சுரண்டுவதை நீங்கள் கண்டிருக்கலாம். அது மரநாரை வாயினாற் சுரண்டி, மென்று, உமிழ்நீரோடு குழைத்து, மெல்லிய தகடாக இழைத்துக் கூடு கட்டுகிறது. உலர்ந்தபின் அது காகிதமே ஆகும். பிரான்சு நாட்டு அறிஞர் ரெயோமூர் என்பார் இதனைக் கூர்ந்து நோக்கினார். அந்நாளில் ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்தே காகிதம் செய்தனர். மரத்திலிருந்தும் காகிதம் செய்யலாகும் என்பதைக் குளவி நமக்குக் காட்டுகிறது என்று 1719-ஆம் ஆண்டில் அவர் தம் நாட்டு அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை உருவாயிற்று. நாம் இன்று எழுதும் ஏட்டின் மூலப்பொருளை நமக்கு முன்னரே குளவி அறிந்திருந்தது.

அதன் குடும்ப வாழ்வும் வியப்புக்குரியது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் இராகவேந்திர கதக்கர் என்னும் அறிஞர், குளவிகளின் உடலில் வண்ணப்புள்ளியிட்டு, ஒவ்வொன்றின் செயலையும் பல்லாண்டுகள் குறித்து வந்தார். அதன் பயனாக 2001-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலும் வெளியிட்டார். இக்குளவிகளின் அரசி உருவத்தில் மற்றவற்றினின்றும் வேறுபட்டதன்று; பிறவற்றைத் தாக்கி அடக்குவதும் இல்லை. அரசியை நீக்கிவிட்டால், பணிபுரிந்து வந்த குளவிகளுள் ஒன்று உடனே சீற்றங்கொண்டு முன்வருகிறது. சில நாட்களில் அதுவே அரசியாகி முட்டையிடத் தொடங்குகிறது. பின்னர் அதன் சீற்றமும் தணிந்துவிடுகிறது.

குளவியால் நமக்கு நன்மையும் உண்டு. வளர்ந்த குளவி மலர்த்தேன் முதலிய இனிய நீரைப் பருகும்; தன் குஞ்சுப்புழுக்களுக்கோ ஊனுணவு தேடும். அவரைப்பந்தலிலும் கத்தரிச்செடியிலும் இலைதின்னும் புழுக்களைப் பற்றிச் சென்று, மென்று ஊட்டும். ஆகவே, தோட்டத்தின் கோடியிலோ, ஆள் நடமாட்டம் இல்லாத உயர்ந்த கிளையிலோ காகிதக்குளவி கூடு கட்டின், அதனை அங்கேயே விட்டுவிடுதல் அறிவுடைமை. குளவி வழிப்போவாரைத் தேடிச்சென்று கொட்டுவதில்லை. கூட்டைத் தொட்டாலும், அசைத்தாலும், கல் எறிந்தாலுமே அது தன் மக்களைக் காக்கும்பொருட்டுக் கொட்டுகிறது.

வாயிற்படியின் மேலோ, துணி உலர்த்தும் கொடியருகிலோ, குழந்தைகள் விளையாடும் இடத்திலோ கூடு இருப்பின் அதனை நீக்கத்தான் வேண்டும். அதற்குக் காலமும் முறையும் உண்டு. ஒன்றிரண்டு குளவிகள் சில அறைகளை மட்டும் கட்டியிருக்கும் தொடக்க நிலையில், பெரியவர் ஒருவர் நீண்ட ஒட்டடைக்கோலால் அதனைத் தட்டிவிட்டு அகன்றால் போதும். குளவிகள் வேறிடம் நாடும். கூடு பெருகிவிட்டதாயின், இருட்டிய பின், குளவிகள் கூட்டில் ஒடுங்கியிருக்கும் வேளையில், உடல் முழுதும் மூடிய ஆடையணிந்து, எட்ட நின்று சவர்க்கார நீரை விசைத்தெளிப்பானால் பீய்ச்சுதல் வேண்டும். அந்நீர் குளவி மூச்சுவிடும் நுண்துளைகளை அடைத்து அதனை மாய்க்கும். விளக்கைக் கையில் ஏந்தாமல் தொலைவில் வைத்தல் நலம். ஒளியை நோக்கிக் குளவி பாய்தல் உண்டு. பின்னர்க் கூட்டைக் காம்போடு சுரண்டியெடுத்து, அவ்விடத்தைக் கழுவிவிடல் வேண்டும். ஏணியின் மீது நின்றுகொண்டு இதனைச் செய்தல் ஆகாது. குளவி கொட்டுவதினும் ஏணியினின்றும் விழுதல் கொடிது. குளவி நஞ்சினால் முன்னரே துன்புற்றவர் இப்பணியில் தலையிடவே கூடாது. கூடு பெரிதாயினும், கதண்டின் கூடாயினும், 101 என்னும் எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினர்க்குத் தெரிவித்தலே முறை. எந்நிலையிலும் தீயைப் பயன்படுத்துதல் கூடாது. மாணவர்களாகிய நீங்கள் கூட்டைக் கண்டால் பெரியோர்க்கு அறிவியுங்கள்; நீங்களே நீக்க முற்படாதீர்கள்.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. வாரந்தோறும் தாழ்வாரம், சன்னலின் பின்புறம், மின்னளவிப் பெட்டி, கிணற்று மின்பொறியின் கொட்டகை ஆகியவற்றை நோக்கி வந்தால், கூடு தொடக்கத்திலேயே கண்ணிற்படும். வெளியே உலர்ந்த துணிகளை உதறி அணியுங்கள்.

குளவி கொட்டிவிட்டால் கைகளை வீசி அடிக்காமல் உடனே அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். குளவியை அங்கேயே நசுக்குதலும் தவறு. பல குளவியினங்களில் நஞ்சின் மணம் ஏனையவற்றைப் போருக்கு அழைக்கும். கொட்டுவாயைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் நோவு தணியும். விரலில் கொட்டியிருப்பின், வீங்கு முன்னரே மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்குமாதலின் அதனைத் தடவுதல் வேண்டா. பெரும்பாலோர்க்கு வீக்கமும் அரிப்பும் ஓரிரு நாட்களில் நீங்கும்.

சிலருடைய உடலுக்கோ ஒரே கொட்டும் ஒவ்வாது. உடலெங்கும் தடிப்பு எழுதல், உதடும் நாவும் வீங்குதல், மூச்சுத்திணறல், தலைசுற்றல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் எதேனும் தோன்றின் நொடியும் தாழ்த்தலாகாது. 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அங்கு இடப்படும் அட்ரினலின் ஊசி உயிர்காப்பது. வாயினுள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், பல குளவிகள் ஒருங்கே கொட்டினாலும் அவ்வாறே செய்தல் வேண்டும். மந்திரித்தலிலும் கைமருந்திலும் காலத்தைக் கழித்தல் உயிருக்கே கேடாகும்.

எங்கள் தெருவில் வீடிழந்த அவ்வுழவர், பின்னர் ஓட்டுவீடு கட்டினார். சில ஆண்டுகளில் அதன் தாழ்வாரத்திலும் குளவி வந்து கூடு கட்டத் தொடங்கியது. இம்முறை அவர் பந்தத்தைத் தேடவில்லை. திண்ணையில் அமர்ந்து, அது எங்கே கட்டுகிறது, எத்தனை குளவிகள் உள்ளன என்று சிறிதுநேரம் நோக்கினார். பின்னர் ஒட்டடைக்கோலை எடுத்து வந்து ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே சென்றார். மறுநாள் அக்குளவி கொல்லைப்புறத்து மாமரக்கிளையில் மரநாரை இழைத்துக் கொண்டிருந்தது. அவர் அதனைக் கண்டும் வாளா இருந்தார்.