பிறந்த மண்ணும் பிரஜாவுரிமையும்

ஒருவர் ஒரு நாட்டின் பிரஜையாவது பிறந்த மண்ணாலா, தந்தையின் வழியாலா? அமெரிக்காவில் 2025இல் மீண்டும் எழுந்த இவ்வினா, கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் புதிதன்று.

அமெரிக்க அரசியல் யாப்பின் பதினான்காவது திருத்தம், 1868இல், பிறந்த மண்ணையே உரிமைக்கு ஆதாரமாக்கியது. சீனப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரை 1898இல் உச்ச நீதிமன்றம் பிரஜையென ஏற்றது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப், தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்க, தந்தையும் பிரஜையோ நிரந்தர வாசியோ அல்லாதவிடத்து, பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லையென ஆணையிட்டார். அதனை எதிர்த்து வழக்குகள் எழுந்தன.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டமோ மண்ணை விடுத்து வமிசத்தைப் பற்றிக்கொண்டது. இங்கே பிறந்தவரும், தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்தமையைக் காட்டவேண்டியதாயிற்று. கண்டியை அடுத்த லூல்கந்துரையில் 1867இல் தொடங்கிய தேயிலைத் தொழிலை வளர்த்த லயத்து மக்கள், பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவர்? 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. வாக்காளர் இடாப்பிற் பெயர் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கும் 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலிலே தோற்றது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் நீங்கிற்று.

ஆக, ஒரே சட்டத்தாற் பறிபோனதை மீட்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. பெற்றோரின் பத்திரத்தைப் பிள்ளையிடம் கேட்கும் எந்நாட்டவரும் மலையகத்தின் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.